பாதி முடிந்த கட்டற்ற செயலியை ஊருக்குள் கொண்டுபோவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பால் கணக்குச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறோம். காலையும் மாலையும் ஊற்றிய லிட்டர், கொழுப்பு, எஸ்என்எப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), சொசைட்டியில் (பால் கூட்டுறவு சங்கத்தில்) பிடித்த தீவனப் பணம், பட்டுவாடா அன்று கைக்கு வந்த தொகை, எல்லாவற்றையும் போனிலேயே குறித்து வைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் ஓடும். கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்றும் சொல்வதற்கில்லை.

நிரல் எழுதச் சொல்லித்தரும் பாடங்கள் தமிழிலேயே நிறைய வந்துவிட்டன. எழுதி முடிக்காத ஒன்றை ஊர்க்காரர் கையில் எப்படிக் கொடுப்பது, கொடுத்தபின் வரும் கேள்விகளுக்கு என்ன சொல்வது என்பதற்குத்தான் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். உங்களுடையது பால் கணக்காக இருக்க வேண்டியதில்லை. ஏலக்காய் எடையோ வாசகசாலைப் புத்தகப் பதிவோ, எதுவானாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இன்னும் முடியலீங்க, சும்மா பாருங்க" என்று நாம் வாயால் சொல்வது யார் காதிலும் நிற்பதில்லை. திரையில் என்ன பொத்தான் தெரிகிறதோ அதுதான் வாக்குறுதி. கீழே வருகிற படிகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

1. "இது செய்யாது" பட்டியலை முதலில் எழுதுங்கள்

நிரலோடு வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பை எல்லோரும் சிறப்பம்சங்களோடு ஆரம்பிப்பார்கள். நீங்கள் இல்லாதவற்றோடு ஆரம்பியுங்கள். எங்கள் கோப்பின் தலையில் இருப்பது இவ்வளவுதான்:

- இது கேரளத்தின் மில்மாவோ தமிழ்நாட்டின் ஆவினோ அரசாங்கமோ வெளியிட்ட செயலி அல்ல.
- பாலுக்கு என்ன விலை வரும் என்று இது கணக்குப் போடாது. சொசைட்டி தரும் சிட்டில் (ரசீதுச் சீட்டில்) இருப்பதைப் பார்த்து நீங்கள்தான் பதிய வேண்டும்.
- சொசைட்டி கணினியோடு இதற்குத் தொடர்பு கிடையாது.
- போன் தொலைந்தால் கணக்கும் தொலையும். நகல் எடுத்து வையுங்கள்.
- எருமைக் கணக்குக்குத் தனிப் பக்கம் இன்னும் இல்லை.

ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரியும் பயன்படுத்துகிறவர் நிஜமாகவே எதிர்பார்க்கக்கூடிய ஒன்றை மறுப்பதாக இருக்க வேண்டும். "சோதனை நிரல்கள் போதவில்லை", "தரவுத்தள வடிவம் மாறலாம்" என்பதெல்லாம் நிரலாளருக்கான செய்தி. அதைப் பங்களிப்போருக்கான கோப்பில் தனியாக வையுங்கள். மாட்டுக்காரருக்கும் நிரலாளருக்கும் ஒரே பக்கத்தில் பேசினால் இரண்டு பேருக்குமே புரியாது.

இந்தப் பட்டியல் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். ஒன்றில் மாற்றினால் அன்றைக்கே மற்ற இரண்டிலும் மாற்றுங்கள். இங்கே ஒரே வீட்டில் அப்பா தமிழ் படிப்பார், பள்ளியில் மலையாளம் படித்த மகள் மலையாளப் பக்கத்தைத் திறப்பாள். இரண்டும் வேறு வேறு சொன்னால் கேள்வி உங்களிடம்தான் வரும். செலவு ஒன்றுமில்லை, ஒரு மாலைப் பொழுது போதும்.

2. வேலை செய்யாத பொத்தானை எடுத்துவிடுங்கள்

"விரைவில் வரும்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தானை வைப்பது நிரலாளர்களுக்குப் பழக்கம். ஊருக்குள் அதைச் செய்யாதீர்கள். சினை மாட்டைக் காட்டிப் பால் விலை பேசுகிற கதைதான். அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தவர் அடுத்த முறை உங்களைச் சந்தையில் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார். நிரலில் அது இருக்கட்டும், ஓர் அமைப்பு (செட்டிங்) வைத்து மூடி வையுங்கள். வெளியிடும் பதிப்பில் தெரியக்கூடாது.

அரைகுறையாக வேலை செய்கிற பொத்தான் இதைவிட மோசம், அதிலும் பணம் சம்பந்தப்பட்டதானால். பால் விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை கொழுப்பையும் எஸ்என்எப்பையும் பொறுத்தது. லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கைச் சேர்த்து, ஒரு மாறிலியைக் கூட்டினால் எஸ்என்எப். சூத்திரம் சுலபம்தான். ஆனால் அந்தப் பங்கும் மாறிலியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4.0 என்று வையுங்கள். பங்கு 0.21, மாறிலி 0.36 என்று போட்டால் எஸ்என்எப் 8.20 வரும். 0.25, 0.44 என்று போட்டால் 8.44 வரும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எஸ்என்எப் 8.3. அதே பால் ஒரு சூத்திரத்தில் தேறுகிறது, இன்னொன்றில் தோற்கிறது. போதாததற்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலைப் பட்டியல் வேறு. இதை நம் செயலி தானாகக் கணக்குப் போட்டு ஒரு தொகையைக் காட்டினால் என்ன ஆகும்? போனைத் தூக்கிக்கொண்டு கவுண்டரில் போய் நிற்பார்கள். "என் போன்ல இவ்வளவு காட்டுது, நீங்க ஏன் குறைச்சுப் போட்டீங்க?" இப்படி ஒரு வாக்குவாதத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அந்த சொசைட்டி செக்ரட்டரியிடம் எந்தச் செயலியைப் பற்றியும் பேச முடியவில்லை.

அதனால் விலை கணக்கிடும் பகுதியை முழுக்க மூடி வைத்திருக்கிறோம். சிட்டில் அச்சான தொகையைப் பதிவது மட்டும்தான். குறைவாகச் செய்கிறது என்று நிரலாளர் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

3. கொடுப்பதற்கு முன் முடித்தே ஆகவேண்டிய மூன்று

மற்றதெல்லாம் பாதியில் இருக்கலாம். இந்த மூன்று மட்டும் பாதியில் இருக்கக்கூடாது.

முதலாவது, நகல் எடுப்பதும் அதைத் திரும்ப ஏற்றுவதும். பதிந்ததை ஒரு சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பாக) வெளியே எடுக்கவும், வேறு போனில் அந்தக் கோப்பை உள்ளே ஏற்றவும் முடிய வேண்டும். ஏற்றுவதைச் சோதிக்காமல் எடுப்பதை மட்டும் சோதித்துவிட்டு விடுகிறவர்கள் அதிகம். இரண்டு போனை வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள்.

இரண்டாவது, கையொப்பச் சாவி. ஆண்ட்ராய்டு செயலியை வெளியிடும்போது ஒரு சாவிக் கோப்பால் கையொப்பமிடுவீர்கள். அந்தக் கோப்பு தொலைந்தால் பழைய செயலிக்கு மேல் புதியது ஏறாது. பழையதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும், நீக்கினால் அவர் பதிந்து வைத்த அத்தனையும் போய்விடும். சாவியையும் கடவுச்சொல்லையும் இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று உங்கள் மடிக்கணினிக்கு வெளியே இருக்கட்டும். நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் ரெப்போவுக்குள் (களஞ்சியத்துக்குள்) ஒருபோதும் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, விவரம் சேகரிக்காமல் இருப்பது. பெயர், போன் எண், ஆதார், வங்கிக் கணக்கு எதையும் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல், நோக்கம் என்று பல கடமைகளைச் சுமத்துகிறது. எல்லாம் அவரவர் போனுக்குள்ளேயே இருந்துவிட்டால் அந்தச் சுமை நம் தலையில் ஏறாது. "சர்வருக்கு எதுவும் போகாது" என்று சொல்ல முடிவது ஊருக்குள் பெரிய பலம். ஏதோ ஒரு ஆப்பில் விவரம் கொடுத்துவிட்டு லோன்காரர் போன் தாங்க முடியாமல் போனவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்.

4. உரிமமும் பதிப்பு எண்ணும்

உரிமக் கோப்பு இல்லாத நிரல் கட்டற்ற மென்பொருள் ஆகாது. பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்; பதிப்புரிமை முழுக்க உங்களிடமே இருக்கிறது, யாரும் சட்டப்படி தொட முடியாது. ஆயத்தமாகக் கிடைக்கும் உரிமங்களில் செயலிக்கு ஜிபிஎல் 3 அல்லது எம்ஐடி, சர்வரில் ஓடுவதானால் ஏஜிபிஎல் எடுக்கலாம். நாங்கள் ஜிபிஎல் 3 எடுத்தோம், யாராவது மாற்றி வெளியிட்டால் அந்த மாற்றமும் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த உரிமங்கள் எல்லாவற்றிலும் உத்தரவாதம் கிடையாது என்ற பகுதி உண்டு. அது ஆங்கிலத்தில், சட்ட மொழியில் இருப்பதால் ஊரில் யாருக்கும் பயன்படாது. அதன் சாரத்தை ஒரு வரியில் செயலியின் முதல் திரையில் போடுங்கள்: "கணக்கில் சந்தேகம் வந்தால் சொசைட்டி சிட்டுதான் சரி."

பதிப்பு எண் 0.1.0 என்று ஆரம்பிக்கட்டும். சுழியத்தில் தொடங்கும் எண் என்றால் எதுவும் மாறலாம் என்பது நிரலாளர் உலகத்து வழக்கம். யாராவது உற்சாகத்தில் 1.0 என்று போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற மாற்றப் பட்டியலையும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.

5. எந்த வழியாகக் கொடுப்பது, என்ன செலவாகும்

மூன்று வழி இருக்கிறது.

நேராக ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை) கொடுப்பது: செலவில்லை, உடனே முடியும். ஆனால் நிறுவும்போது "தெரியாத இடத்திலிருந்து வந்தது, ஆபத்தாக இருக்கலாம்" என்று போன் எச்சரிக்கும். அதைத் தாண்டி அழுத்தச் சொல்லி ஊர்க்காரர்களைப் பழக்குவது எனக்கு உவப்பில்லை. நாளைக்கு மோசடிக்காரன் அனுப்புகிற கல்யாணப் பத்திரிகை ஏபிகேயையும் அப்படியே அழுத்துவார்கள். எங்கள் நெருங்கிய வட்டத்தோடு இதை நிறுத்திக்கொண்டோம்.

எப்-டிராய்டு (கட்டற்ற செயலிகளுக்கான செயலிக் கடை): கட்டணம் இல்லை. மூல நிரலிலிருந்து அவர்களே கட்டி வெளியிடுவார்கள். கட்டற்றதல்லாத நூலகங்கள் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. பிழை அறிக்கைக்காகக் கூகுளின் பயர்பேஸ் சேவையைச் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். நிரல்களை வைக்கும் கிட்லாப் தளத்தில் அவர்கள் களஞ்சியத்துக்கு ஒரு விவரக் கோப்பை அனுப்ப வேண்டும். பரிசீலனைக்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே ஊர்க் கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டு அனுப்பாதீர்கள்.

பிளே ஸ்டோர்: ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், நம் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அடையாளச் சான்று கேட்பார்கள், அதில் உள்ள பெயரும் கணக்கில் கொடுக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருப்பது நம் பக்கம் சகஜம், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிட்ட கார்டு வேண்டும். பெரிய பொறி இதற்குப் பிறகுதான். 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கானால், மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் நிறுவிப் பார்க்கும் சோதனையில்) 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருந்தால்தான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். முன்பு 20 பேர், 2024 கடைசியில்தான் குறைத்தார்கள். பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு கூகுள் கணக்கு. பல வீடுகளில் அப்பா போனில் இருப்பதும் மகன் கணக்குத்தான். நடுவில் யாராவது சோதனையிலிருந்து விலகினால் எண்ணிக்கை குறையும். கூடுதலாக நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று: எப்-டிராய்டு வழக்கமாகத் தன் சாவியால் கையொப்பமிடும். உங்கள் கையால் கொடுத்த ஏபிகே உங்கள் சாவியால் ஆனது. ஒன்றின் மேல் மற்றொன்று ஏறாது. ஒருவருக்கு ஏபிகே கொடுத்துவிட்டு, பிறகு "இனிமேல் எப்-டிராய்டில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் அவர் பழையதை நீக்க வேண்டிவரும், கணக்கு போகும். மூன்றாம் படியில் சொன்ன நகல் வசதி இல்லாமல் வெளியே விடாதீர்கள் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

நிரலை வைக்க கிட்ஹப், கிட்லாப், கோட்பெர்க் மூன்றிலும் காசு வேண்டாம். சொந்த இணைய முகவரி இப்போதைக்குத் தேவையில்லை. மீதிச் செலவு ஜெராக்ஸ் எடுப்பதுதான்.

6. ஊருக்குள் முதலில் யாரிடம் போவது

மாட்டுக்காரர்களிடம் அல்ல, சொசைட்டி செக்ரட்டரியிடம். அவரைத் தாண்டிப் போனால், தன் கணக்கைச் சோதிக்க வந்த வேலை என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைப்பதில் தப்புமில்லை. ஒரு பக்கக் கடிதம் தயார் செய்யுங்கள், ஒரு புறம் தமிழ், மறுபுறம் மலையாளம். அதில் இருக்க வேண்டியவை: நீங்கள் யார், எந்த ஊர், செயலி என்ன செய்யும், முதல் படியில் எழுதிய "இது செய்யாது" பட்டியல் அப்படியே, விவரம் எதுவும் சேகரிக்கப்படாது என்ற வரி, சொசைட்டிக்குச் செலவோ பொறுப்போ இல்லை என்ற வரி, தொடர்புக்கு ஒரு எண். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கி வையுங்கள். போர்டு கூட்டத்தில் வைத்துச் சொல்கிறேன் என்பார். காத்திருங்கள். பட்டுவாடா நாளுக்கு முந்தின இரண்டு நாளும் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

சொசைட்டியின் பெயரையோ மில்மாவின் சின்னத்தையோ நோட்டீஸில் போடவே கூடாது. செக்ரட்டரியே ஆர்வமாகப் போடச் சொன்னாலும் வேண்டாம். சின்னத்தைப் பார்த்த நொடியில் அது அதிகாரப்பூர்வச் செயலி ஆகிவிடும், நீங்கள் எழுதிய பட்டியலின் முதல் வரி செத்துப்போகும்.

சொசைட்டிக்கு அப்புறம் வாசகசாலை, குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரள அரசுத் திட்டத்தின் கீழ் வரும் பெண்கள் குழு), உயர்நிலைப் பள்ளி. குடும்பஸ்ரீயை விட்டுவிடாதீர்கள். பாலைக் கறந்து ஊற்றி வருவதும் சிட்டை டப்பாவில் போட்டு வைப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்கள் ஆண்களாக இருக்கலாம், செயலியைத் தினமும் திறக்கப்போகிறவர் வேறு ஆள். கேரளப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் நடத்துவதால் அங்கே "இலவசம்னா வைரஸ் இருக்குமா?" என்ற கேள்வி வராது. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றம் இருக்கிற பள்ளியானால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் நிறுவிக் காட்டுவார்கள். பொறுப்பாசிரியர் வழியாக மட்டும் போங்கள்.

நேரம்: காலைப் பால் அளவை முடிந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற பத்து மணி நல்லது. மாலைக் கறவை நேரத்தில் கூட்டம் போட்டால் யாரும் வர மாட்டார்கள். ஓணத்துக்கு முந்தின வாரங்களை மறந்துவிடுங்கள். பால் தேவை ஏறி, மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடியில் லாரிகள் நெருக்கும் காலம் அது, சொசைட்டியில் ஒருவருக்கும் நிற்க நேரமிருக்காது. பொங்கல் வாரமும் அப்படியே.

பேனர் அடிப்பதானால் ஒரு எல்லையோரப் பொறி உண்டு. மலிவாக இருக்கிறதே என்று பொள்ளாச்சியில் பிளக்ஸ் அடித்துக்கொண்டு வந்து இந்தப் பக்கம் கட்டாதீர்கள். கேரளத்தில் 2019 முதல் பிவிசி பிளக்ஸுக்குத் தடை. துணியில் அடிக்க வேண்டும், பொது இடமானால் பஞ்சாயத்தில் கேட்க வேண்டும். எங்களைக் கேட்டால் பேனரே வேண்டாம். பேனர் வைத்தால் பெரிய கம்பெனி என்று நினைப்பார்கள், எதிர்பார்ப்பும் அந்த அளவுக்கு ஏறும்.

7. கூட்டத்தில் எப்படிப் பேசுவது

பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். நேற்றைய சிட்டு ஒன்றை யாரிடமாவது வாங்கி, அவர் போனிலேயே, அவர் விரலாலேயே பதியச் சொல்லுங்கள். புரொஜெக்டர் வேண்டாம். அதன்பின் நீங்களே முன்வந்து ஒரு குறையைக் காட்டுங்கள், உதாரணமாக ஒரே வேளையில் இரண்டு முறை பால் ஊற்றினால் எப்படிக் குழப்பும் என்று. குறையை நீங்கள் காட்டினால் அது தகவல். வீட்டுக்குப் போய் அவராகக் கண்டுபிடித்தால் அது ஏமாற்று.

கேள்விகள் எங்கே போனாலும் ஒன்றுதான், பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம்.

"தம்பி, இது கவர்மெண்ட் ஆப்பா?"

"இல்லீங்கண்ணா. நாங்க மூணு பேர் எழுதறது."

"இதுல போட்டா மானியம் வருமா? மாட்டு லோனுக்கு ஆகுமா?"

"ரெண்டுக்கும் ஆகாதுங்க. உங்க கணக்கு உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

"சிட்டு இனி வேண்டாமா?"

"வேணுங்க. சிட்டை எறிஞ்சிடாதீங்க. இது கூட ஒரு நோட்டு மாதிரி."

"எப்ப முழுசா முடியும்?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். "ஓணத்துக்குள்ள முடிச்சுடுவோம்" என்று வாய் தானாகச் சொல்லும். மூன்று பேரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் எழுதுகிற நிரலுக்கு மாதப் பெயர் சொல்லக்கூடாது. நாங்கள் சொல்வது இது: "இப்ப இருக்கிறது இவ்வளவுங்க. அடுத்ததா எருமைக் கணக்கு எழுதிட்டிருக்கோம். முடிஞ்சா சொசைட்டி போர்டுல ஒட்டுவோம்." வரிசையைச் சொல்லலாம், தேதியைச் சொல்ல வேண்டாம். அந்த வரிசையிலும் ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள்.

கூட்டத்தில் யாராவது உங்களைப் பெரிதாகப் புகழ்ந்து, "நம்ம பசங்க மில்மாவுக்கே ஆப் செஞ்சிருக்காங்க" என்று மைக்கில் பேசினால் கூச்சப்படாமல் அங்கேயே திருத்துங்கள். உள்ளூர் வார்டு மெம்பர்களுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

8. குறைகள் எப்படி வந்து சேரும்

கிட்ஹப்பில் குறைகளைப் பதியும் இஷ்யூ பக்கத்தில் மாட்டுக்காரர் வந்து எழுத மாட்டார். சொசைட்டி மேசையில் செக்ரட்டரி சம்மதத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் கட்டிவிட்ட பேனாவும் வையுங்கள். நாலு கட்டம் போதும்: என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வர வேண்டும், எந்த போன். வாரம் ஒருமுறை ஒருவர் போய்ப் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் இஷ்யூவாக ஏற்ற வேண்டும். இதற்கு ஒரே ஆள் பொறுப்பு என்று எழுதி வையுங்கள், "யாராவது போவோம்" என்றால் யாரும் போக மாட்டார்கள். ஏற்றியபின் நோட்டில் அந்த வரிக்கு எதிரே பதில் எழுதுங்கள். "சரி செய்தாயிற்று, 0.3.2இல் வரும்" அல்லது "இதைச் செய்யப் போவதில்லை". இரண்டாவது பதிலுக்குத் தயங்காதீர்கள். செய்ய மாட்டோம் என்று எழுதினால் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பதிலே எழுதாவிட்டால் நோட்டில் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள்.

பெயர், போன் எண், கணக்குத் தொகை தெரிகிற சிட்டுப் படங்களைப் பொது இஷ்யூவில் ஏற்றிவிடாதீர்கள். மறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

வாட்சப் குழு கேட்பார்கள். தொடங்கினால் அட்மின் மட்டும் எழுதும் குழுவாகத் தொடங்குங்கள். திறந்துவிட்டால் காலை வணக்கம், கோயில் நன்கொடை, விற்பனைக்கு ஜெர்ஸி கிடாரி என்று நிரம்பிப் புதிய பதிப்பு வந்த செய்தி காணாமல் போகும். குரல் செய்தியாக வரும் குறைகளை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் பேசச் சொன்னால் அருமையாக விவரிப்பார்கள்.

9. கைகொடுக்க வருகிறவர்கள்

செயலி நாலு பேர் கண்ணில் பட்டதும் உதவ ஆட்கள் வருவார்கள். மொழிபெயர்ப்பில் தொடங்கச் சொல்லுங்கள். வெப்லேட் தளம் கட்டற்ற திட்டங்களுக்குக் கட்டணமின்றி இடம் தருகிறது, நிரல் தெரியாதவரும் உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம். ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பொத்தான் தமிழிலும் மலையாளத்திலும் மூன்று மடங்கு நீளும். சின்னத் திரை போனில் வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பதையும் அவர்களிடமே கொடுங்கள். தமிழ்ப் பக்கம் கணியம் அறக்கட்டளை சார்ந்த ஆர்வலர்களும், மலையாளப் பக்கம் 2002 முதல் இயங்கும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரும் இந்த வேலையில் பழுத்தவர்கள். கேட்பதற்கு முன் முதல் படியின் பட்டியலை அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

கல்லூரி மாணவர்கள் வந்தால் புராஜெக்ட் சான்றிதழ் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் நிரல் சேர்க்கப்பட்ட பிறகு, சேர்த்த பகுதியின் பெயரைக் குறிப்பிட்டு. புதியவர்களுக்கென்று குறியிட்ட சின்ன இஷ்யூக்கள் ஏழெட்டு எப்போதும் தயாராக இருக்கட்டும், ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற அளவில். செமஸ்டர் முடிந்ததும் பெரும்பாலோர் போய்விடுவார்கள். அதைக் கணக்கில் வைத்தே வேலை கொடுங்கள். விலை கணக்கு மாதிரி முக்கியமான பகுதியை அவர்களில் ஒருவரிடம் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

காசு கொடுக்க யாராவது வந்தால், அதிலும் "எங்களுக்கு மட்டும் இந்த வசதியைச் சீக்கிரம் செய்து தாருங்கள்" என்று ஒரு பால் வியாபாரி வந்தால், நிதானம். பணம் வாங்கிய அன்றைக்குத் தேதியும் சேர்ந்து வந்துவிடும். நாங்கள் இதுவரை வாங்கவில்லை.

10. நிறுத்த வேண்டி வந்தால்

இதையும் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். வேலை மாற்றம், கல்யாணம், வெளிநாடு என்று மூவரில் இருவர் விலகினால் திட்டம் நின்றுபோகும். சொல்லாமல் நிற்பதுதான் தவறு. கடைசிப் பதிப்பு ஒன்று வெளியிடுங்கள். அதில் புதிதாக எதுவும் வேண்டாம். திறந்தவுடன் "இனி இதில் திருத்தம் வராது, உங்கள் கணக்கை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவிப்பும், நேரே நகல் பக்கத்துக்குப் போகும் பொத்தானும் போதும். அதே செய்தியைச் சொசைட்டி போர்டில் இரண்டு மொழியிலும் ஒட்டுங்கள். செக்ரட்டரிக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், மேசையிலிருக்கும் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெப்போவை அழிக்காதீர்கள். காப்பக நிலைக்கு மாற்றினால் படிக்கவும் பிரதி எடுக்கவும் முடியும், இஷ்யூ மட்டும் புதிதாகப் போட முடியாது. வேறு யாராவது எடுத்து நடத்த வந்தால் அவர்கள் பெயரில் பிரதி எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் கையொப்பச் சாவியை மட்டும், ஆளை நன்றாகத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் கையொப்பமிட்டு அனுப்புவதை ஊர்க்காரர்களின் போன் உங்களுடையது என்றே எடுத்துக்கொண்டு பழைய செயலிக்கு மேல் ஏற்றும்.